இல்கா 7 படகு: காற்று 20 நாட் (மணிக்கு ஏறத்தாழ 37 கி.மீ.) வேகத்தைத் தாண்டினால் எப்படி நடந்துகொள்கிறது?

பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்ட இந்தப் படகில் ஏற்பாடு கிடையாது. நடுக்கடலில் பாயை இறக்கவும் முடியாது. சட்டைக்கைக்குள் கை நுழைவதுபோல் பாய்க்குள் பாய்மரம் நுழைந்திருப்பதால், மரத்தையே பிடுங்கினால்தான் பாய் கழலும். காற்று ஏற ஏற உங்களிடம் மிஞ்சுவது மூன்று கயிறுகளும் உடம்பின் எடையும்தான். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் விலையை விசாரிக்கும் முன் இதை மனதில் போட்டுக்கொள்வது நல்லது. எங்கள் தீர்ப்பு சுருக்கமாக: காற்றை எதிர்த்து ஏறும்போது, பலத்த காற்றில் இவ்வளவு சொன்னபடி கேட்கும் சின்னப் படகு அரிது. காற்றோடு இறங்கும்போது இவ்வளவு வாலாட்டும் படகும் அரிது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். உலகம் முழுக்க லேசர் என்று அறிந்த ஒற்றையாள் படகுதான் 2019 முதல் இல்கா. கனடாக்காரர் புரூஸ் கர்பி வரைந்தது, 1971-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்தது, 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, வெறும் உடலின் எடை 59 கிலோ. அடிப்படை உருவம் அன்றிலிருந்து மாறவில்லை. மாறியதெல்லாம் கயிறுகளும் கப்பிகளும் பாயும்தான். அதிலும் 2001-இல் வந்த புதிய கயிற்று அமைப்பு, பலத்த காற்றில் இந்தப் படகின் குணத்தையே மாற்றியது. பழைய அமைப்போடு இன்னும் சில படகுகள் கைமாறுகின்றன. அப்படி ஒன்று கிடைத்தால், மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் பண்ணுங்கள்.

எந்தப் பாய் என்பதுதான் பெரிய முடிவு. உடல் ஒன்றுதான். பாய்மரத்தின் கீழ்த்துண்டான அடிமரத்தையும் பாயையும் மாற்றினால் மூன்று படகாகிவிடும்: 7.06 சதுர மீட்டர் பாயுடன் இல்கா 7, 5.76-உடன் இல்கா 6, 4.7-உடன் இல்கா 4. நம் நாட்டுக்காரர்களே மூன்றுக்கும் எடுத்துக்காட்டு. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியது 7-இல். அதே போட்டியில் நேஹா தாகூர் வெள்ளி வாங்கியது 4-இல். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓட்டியது 6-ஐ. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயில் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 10 நாட் காற்றில் சுகமாக ஓட்டிய அதே பாய் 20 நாட் காற்றில் வேறு மிருகம். 80 கிலோவுக்கு மேல் இருந்தால் 7 பொருந்தும். 60 முதல் 70 வரை இருப்பவர் 6-ஐ வாங்கட்டும். கௌரவத்துக்காகப் பெரிய பாயை வாங்குகிறவர் காற்று வீசும் நாளெல்லாம் கரையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். இரண்டு அடிமரம், இரண்டு பாய் வைத்துக்கொண்டு காற்றைப் பார்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம். பாயின் அடியில் கிடையாக ஓடும் கம்பான பூமைக் கழற்றி, மரத்தைத் திருகி, பாயை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி ஓட்டும் குறுக்கு வழியும் உண்டு. ஆனால் பாயின் வடிவம் கெட்டுவிடும், காற்றை எதிர்த்து ஏற மறுக்கும். வீடு வந்து சேர மட்டும் உதவும்.

இனி அந்த மூன்று கயிறுகள். முதலாவது வாங். பூமிலிருந்து மரத்தின் அடிக்குச் சாய்வாக ஓடி, பூம் மேலே எழாமல் பிடித்து வைப்பது. பழைய தமிழில் வில்லை வாங்கினான் என்றால் வளைத்தான் என்று பொருள். இந்த வாங் செய்வதும் அதையேதான், பாய்மரத்தை வில்லாக வளைக்கிறது. மரம் வளைந்தால் பாயின் வயிறு தட்டையாகும், தட்டையான பாய் படகைச் சாய்க்காது. பழைய அமைப்பில் இதற்கு 3 மடங்கு இழுவைதான் இருந்தது. இப்போதைய அமைப்பில் 15 மடங்குவரை கிடைக்கிறது. பலத்த காற்றுக்கு இதை வைக்கும் முறை: மெயின்ஷீட்டை, அதாவது பூமையும் பாயையும் உள்ளே இழுக்கும், தோணிக்காரர் தாமான் என்று சொல்லும் கயிற்றை, பின்பக்க இரண்டு கப்பிகளும் முட்டும்வரை இழுங்கள். மரம் அப்போதே வளைந்துவிடும். அந்த நிலையில் வாங்கின் தொய்வை எடுத்துக் கட்டுங்கள். அது நடுத்தரக் காற்றுக்கான அளவு. காற்று 18 நாட் வேகத்துக்கு மேல் போனால் அதிலிருந்து இன்னும் ஒரு சாண் இழுக்க வேண்டும். இப்படி வைத்த பிறகு மெயின்ஷீட்டை விட்டால் பூம் மேலே எழாது, பக்கவாட்டில்தான் போகும். பாய் தட்டையாகவே திறந்து மூடும். பலத்த காற்றில் ஏறுவதன் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான். வாங் தளர்ந்திருந்தால், கயிற்றை விடும்போது மரம் நிமிர்ந்து பாய் வயிறு பெருத்து, குறைய வேண்டிய சக்தி கூடிவிடும். புதியவர்கள் பலர் கவிழ்வது இதனால்தான். கயிற்றை விட்டேனே, ஏன் கவிழ்ந்தது என்பார்கள்.

இரண்டாவது கன்னிங்ஹாம், பாயின் முன்விளிம்பைக் கீழே இழுப்பது. பாயின் துளை பூம் மட்டத்துக்கே வரும் அளவுக்கு இழுங்கள். புதிதாக வாங்கியவர்களுக்குப் பாய் கிழிந்துவிடுமோ என்று மனசு வராது. கிழியாது. பாயின் வயிறு முன்னே நகரும், மேல்நுனியின் பின்விளிம்பு திறந்து காற்றைக் கழியவிடும். படகைச் சாய்ப்பதில் பாதி வேலை மேல்நுனியுடையது. அங்கே காற்று கழிந்தால் சுக்கானின் கனமும் உடனே குறையும். மூன்றாவது அவுட்ஹால், பாயின் கீழ்விளிம்பை இழுப்பது. ஏறும்போது பூமுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழையும் இடைவெளி போதும். அலை பெரிதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். ஒவ்வோர் அலையிலும் மோதி நிற்கும் படகை மறுபடி ஓட வைக்கச் சிறிது வயிறு வேண்டும்.

டிராவலர் கயிறும் சேர்த்தி. சுக்கான் கட்டைக்கு, அதாவது டில்லருக்கு, மேலே குறுக்கே போகும் அந்தக் கயிற்றை வீணைத் தந்திபோல் இறுக்க வேண்டும். தளர்ந்தால் கப்பி நடுவுக்கு வந்துவிடும், பூம் தேவைக்கு மேல் உள்ளே இழுபடும், படகு சாயும். இறுக்கினால் கப்பி ஓரத்திலேயே நிற்கும். சுக்கான் இலையும் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு வழுக்கி, இலை கொஞ்சம் பின்னால் மேலெழுந்தாலும் டில்லர் கையைப் பிய்த்துவிடும். படகே சரியில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களின் குறை பல நேரம் இந்த ஒரு கயிற்றில் தீர்ந்துபோகும்.

ஏறும்போது ஓட்டுபவர் செய்ய வேண்டியதைச் சொல்வது எளிது, தொடைதான் கதறும். கால் மாட்டும் பட்டையைக் கரையிலேயே இழுத்துப் பாருங்கள். அதன் பின்முனையைப் பிடித்திருக்கும் மெல்லிய கயிறு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அறுந்தால் நீங்கள் பின்னால் தண்ணீரில், படகு முன்னால். வெளியே சாய்ந்து படகைத் தட்டையாக வையுங்கள். திடீர்க் காற்று வீச்சு வரும்போது அது படும் முன்பே உடம்பை இன்னும் வெளியே தள்ளி, மெயின்ஷீட்டை ஒரு முழம் விட்டு, படகு பாய்ந்ததும் திரும்ப இழுங்கள். விடுவதும் இழுப்பதும் நிற்கவே கூடாது. கயிற்றைக் கிளீட்டில் (கயிற்றைக் கவ்வும் பிடியில்) மாட்டிவிட்டு உட்காருவது இந்தக் காற்றில் கவிழ்வதற்கான விண்ணப்பம். மூக்கை அலை முகட்டுக்குச் சற்றுக் காற்றுப்பக்கமும், முகடு தாண்டியதும் சற்று விலக்கியும் ஓட்டினால் மோதல் குறையும். எடை போதாதவர்கள், படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் பலகையான டாக்கர்போர்டை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயர்த்தலாம். படகு பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கும், ஆனால் சாய்வது குறையும்.

காற்றை எதிர்த்தபடியே பக்கம் மாறும் டாக்கில் இந்தப் படகின் முதல் குறை தெரியும். வாங் இறுக்கிய பூம் தளத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். அதற்கடியில் நுழைவது உயரமானவர்களுக்குத் தண்டனை. திரும்பத் தொடங்கும்போதே மெயின்ஷீட்டை ஒரு கை நீளம் விட்டு, இரண்டு அலைகளுக்கு நடுவே தட்டையான இடம் பார்த்து, வேகத்தோடு திருப்புங்கள். வேகம் இல்லாமல் திருப்பினால் படகு காற்றுக்கு நேரே நின்று பின்னால் நகர ஆரம்பிக்கும். அப்போது வாங்கைத் தளர்த்தி, பூமையும் டில்லரையும் இரண்டையும் உங்களிடமிருந்து தள்ளுங்கள். படகு பின்னோக்கிப் போய் மூக்கு விலகும். பிறகு இரண்டையும் உங்கள் பக்கம் இழுத்தால் ஓட ஆரம்பிக்கும். வாங்கைத் தளர்த்தாமல் இதைச் செய்தால் பாய் மறுபடி பிடித்து அதே இடத்தில் நிறுத்திவிடும்.

இதுவரை புகழ்ந்தாயிற்று. காற்றோடு இறங்கத் திருப்பும்போதுதான் படகு கணக்கைத் தீர்க்க வரும். ஏறும்போது காப்பாற்றிய அதே வாங் இப்போது எதிரி. தளர்த்தாமல் மூக்கை விலக்கினால், படகு சாயும்போது பூமின் நுனி தண்ணீரில் குத்தும். குத்திய பூமை வெளியே விட முடியாது. பாய் அடைத்துக்கொள்ளும், சாய்ந்த படகில் சுக்கானும் பிடிக்காது, கதை முடிந்தது. ஆகவே திருப்பும் முன் வாங்கை விடுங்கள், பின்னால் நகர்ந்து உட்காருங்கள், படகைத் தட்டையாக்குங்கள், அதன் பிறகே டில்லர். மூக்கு விலக விலக மெயின்ஷீட் தடையின்றி ஓட வேண்டும். அதைக் காலில் மிதித்திருக்கிறீர்களா என்று ஒரு நொடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கை எவ்வளவு விடுவது? அதிகம் விட்டால் பாயின் மேல்நுனி முறுக்கிக்கொண்டு மரத்துக்கு முன்னே போய்விடும். அங்கே படும் காற்று மரத்தை உங்கள் தலைப்பக்கமே தள்ளும். படகு இடமும் வலமும் ஊஞ்சலாடி, மூன்றாவது ஆட்டத்தில் காற்று வரும் பக்கமாகக் கவிழும். உலகம் முழுக்க இதற்கு டெத் ரோல் என்று பெயர். குறைவாக விட்டால் பூம் தண்ணீரைத் தொடும். வீச்சு வரும்போது பின்விளிம்பு லேசாகத் திறந்து மூடும் அளவே சரி. அதைக் காற்று குறைந்த நாளில் கண்டுபிடித்து, கயிற்றில் மைக்குறி போட்டுவிடுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் பாயை வெளியே விடாமல் ஓரிரு முழம் உள்ளே இழுத்து, மூக்கைக் கொஞ்சம் காற்றுப்பக்கம் கொண்டுவாருங்கள். பூம் படகுக்கு முழுக் குறுக்காகப் போகவே விடாதீர்கள். டாக்கர்போர்டை முழுக்கப் பிடுங்குவது இன்னொரு வழக்கமான தவறு. ஒரு சாண் உயர்த்தினால் போதும். கீழே இருக்கும் பலகைதான் ஊஞ்சலை அடக்குகிறது. மேலும் உயர்த்தினால், காற்றோடு ஓடியபடி பாயைப் பக்கம் மாற்றும் ஜைபில் வாங் அதன் தலையில் சிக்கும்.

ஜைப்தான் கடைசிப் பரீட்சை, இங்கே படகின் அமைப்பிலேயே ஒரு பழுது இருக்கிறது. பின்பக்க மூலை கூர்மையானது. பூம் மறுபக்கம் பறக்கும்போது மெயின்ஷீட்டின் தொய்வு அந்த மூலையில் வளையமாக மாட்டிக்கொள்ளும். மாட்டினால் பூம் பாதியில் நிற்கும், பாய் அடைக்கும், கவிழும். ஐம்பது வருடங்களாக எல்லோரும் திட்டிக்கொண்டே சகித்துக்கொள்ளும் குறை இது. மாற்று வழி கைப்பழக்கம்தான். வேகம் குறையும் நேரத்தில் ஜைப் செய்யாதீர்கள். அலையில் இறங்கி உச்ச வேகத்தில் ஓடும்போதுதான் பாயில் உணரும் காற்று மிகக் குறைவு, அந்தக் கணமே பொருத்தம். மெயின்ஷீட்டை ஒரு முழு கை நீளம் சரேலென்று உள்ளே இழுங்கள், தொய்வு போய்விடும். பூம் நகரத் தொடங்கியதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் அது மூலையைத் தாண்டி எழும். குனிந்து மறுபக்கம் போகும்போதே மூக்கைத் திரும்ப எதிர்ப்பக்கம் லேசாகக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் படகு தன் வேகத்திலேயே சுழன்று காற்றுக்குத் திரும்பிவிடும். இது எதுவும் நடக்காது என்று தோன்றினால் வெட்கப்படாமல் சுற்றிவந்து டாக் செய்யுங்கள். பந்தயத்தில் இருபது விநாடி போகும், அவ்வளவுதான்.

கவிழ்ந்தால் நிமிர்த்துவது எளிது என்பது இந்தப் படகுக்கு நாங்கள் தாராளமாகக் கொடுக்கும் மதிப்பெண். தளம் மூடியது, உட்காரும் குழியில் தங்கும் தண்ணீர் கொஞ்சம்தான், ஓடத் தொடங்கியதும் தானாக வடிந்துவிடும். முதலில் மெயின்ஷீட்டை விடுங்கள், வாங்கையும் விடுங்கள். மூக்கு காற்றைப் பார்க்கும்வரை காத்திருங்கள். பலகையின் நுனியில் குதிக்காமல் உடலை ஒட்டிய அடிப்பகுதியில் ஏறி நில்லுங்கள், நுனியில் நின்றால் முறியும். காற்றுப்பக்கமாகக் கவிழ்ந்திருந்தால், நிமிரும்போது பாயின் அடியில் காற்று புகுந்து உங்கள் தலைமேலேயே மறுபடி கவிழ்க்கும். அப்படியானால் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படகோடு சேர்ந்து தண்ணீருக்குள் போய் மறுபக்கம் வந்தால், இரண்டாவது முறை நிமிரும். ஆழமில்லாத துறைமுகத்தில் தலைகீழாக விடவே கூடாது. ஏறத்தாழ 6 மீட்டர் மரம் சேற்றில் குத்தினால் மேல்துண்டு வளையும். சுக்கான் கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு தகடும், மரம் தான் நிற்கும் தளக் குழியிலிருந்து நழுவாமல் பிடிக்கும் கயிறும் புறப்படும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை. மரம் பாதி நழுவிய நிலையில் கவிழ்ந்தால் குழியைச் சுற்றிய தளமே பிளந்துவிடும்.

சென்னையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் காலை மேல்காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும், உள்ளே போகப் போகத்தான் அலை ஏறும். அந்தக் காற்றில் ஏதாவது முறிந்தால் படகு கரைக்கு வராது, கடலுக்குள்தான் போகும். துணைப் படகு இல்லாமல் அந்த நேரத்தில் இறங்காதீர்கள். மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் உங்களைக் கரைப்பக்கம்தான் தள்ளும்.

வேறு எதை வாங்கலாம் என்று கேட்டால், 2014-இல் வந்த ஆர்எஸ் ஏரோ நேர்ப் போட்டி. வெறும் உடல் 30 கிலோதான், கரையில் ஒற்றை ஆளாகத் தூக்கலாம். வீச்சில் சாயாமல் பாய்ந்துவிடும். ஓட்ட இனிமையானது ஏரோதான், இதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் உதிரிப் பாகமும் கூட ஓட்ட ஆளும் நம் ஊரில் எளிதில் கிடைப்பது இல்காவுக்கே. தனியாக ஓடும் படகில் பலத்த காற்றைக் கற்றுக்கொள்வது கடினம்.

பாய் வாங்கும்போது பயிற்சிப் பாய் என்று குறைந்த விலையில் வருபவற்றைப் பழகுவதற்கு வாங்கலாம், தவறில்லை. இல்கா படகுகளுக்கென்று நடக்கும் வகுப்புப் பந்தயத்தில் அவற்றுக்கு அனுமதி கிடையாது. மரத்தின் மேல்துண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய அலுமினியத் துண்டு முறிவது வழக்கமாக வளையத்தைப் பிடித்திருக்கும் ரிவெட் துளையில். மரம் வளையும்போது முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் அமுங்கும். துளை பின்பக்கம் இருக்கும்படி மாட்டினால் ஆயுள் கூடும். நார்க்கலவை மேல்துண்டு விலை கூடுதல், ஆனால் வாங்கை இந்த அளவுக்கு இழுக்கப்போகிறவர்களுக்கு அதுவே சரி. அலுமினியத்தைத் தரையில் உருட்டிப் பாருங்கள், தள்ளாடினால் வளைந்திருக்கிறது.

பழைய படகு வாங்குகிறவர்கள் உடலின் பளபளப்பைப் பார்க்காமல் மரக்குழியைப் பாருங்கள். உள்ளே மணல் தங்கியிருந்தால், மரத்தின் அடி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் குழியை அரம்போல் அராவியிருக்கும். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, மற்ற பாகங்களைப் பார்த்து முடியுங்கள். அரைமணி கழித்துத் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தக் குழி 20 நாட் காற்றைத் தாங்காது. பழுது பார்க்கும் செலவைக் கழித்துப் பேசுங்கள், அல்லது அடுத்த படகைப் பாருங்கள்.